துவக்கரின் சக்கிமுக்கித் துவக்கு

மெல்பர்னில் ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் யோசித்த தமிழர் என்றால் அது துவக்கர் ஒருவர்தான். மற்ற நாங்களெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துவிட்டு யோசிக்கிறவர்கள். அவர் வீட்டில் ஒரு டோஸ்டர் வேண்டும் என்று பேச்சு எழுந்ததற்கும் அந்த டோஸ்டர் வந்து சேர்ந்ததற்கும் நடுவில் ஆஸ்திரேலியாவின் பிரதமர் மாறிவிட்டார். இந்த நாட்டில் அது பெரிய இடைவெளி இல்லையே என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் டோஸ்டர் வந்த பிறகும் அதைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் அவர் இன்னும் சில வாரம் யோசித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரோவில் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். நான் திருச்சி. நான் பேசுவது அவருக்கு முழுவதும் புரியும். எங்கள் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர். அவர் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரியும். மீதிக் கால்வாசியில்தான் எங்கள் நட்பின் சுவாரஸ்யமே இருந்தது.

அவருக்கு ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர் வேலை. வருகிறவர் ஒரு மெத்தையில் உட்கார்ந்து இரண்டு தரம் குலுங்கிப் பார்த்துவிட்டு இதையே கொடுங்கள் என்றால் அவருக்கு மனது தாங்காது. படுங்கள் என்பார். இடப்பக்கம் திரும்புங்கள் என்பார். இப்போது எதையும் முடிவு செய்யாமல் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார். வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே தூங்கிவிடுவார்கள். அவர்களை அவர் எழுப்பவும் மாட்டார். முதலாளி அவரை ஏன் வேலையில் வைத்திருந்தார் என்றால், அவர் விற்ற மெத்தை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் காலத்தில் அவருக்கு மெத்தைக்காரர் என்றுதான் பெயர். துவக்கர் என்ற பட்டம் பிறகு வந்தது. வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"தம்பி, ஒரு துவக்கு வாங்கலாம் எண்டு யோசிக்கிறன்."

எங்கள் ஊரில் துவக்கு என்றால் ஆரம்பி என்று அர்த்தம். மனிதர் சொந்தத் தொழிலில் இறங்கப்போகிறார் என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம்.

"ரொம்ப நல்லதுண்ணே. எதைத் துவக்கப் போறீங்க? மெத்தைக் கடையா?"

அவர் வேலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு இல்லாத ஒன்றை எடுத்து இடது தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, இல்லாத விசையை இழுத்து, என் தலைக்கு மேலிருந்த எலுமிச்சம்பழத்தைச் சுட்டுக் காட்டினார். என் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் என் காலையே நனைத்தது. அவர்கள் துப்பாக்கியைத்தான் துவக்கு என்கிறார்கள்.

அதுவும் சாதாரணத் துப்பாக்கி இல்லை. தோட்டா போட்டுச் சுடுகிற சங்கதியே அவருக்கு வேண்டாம். அவர் கேட்டது சக்கிமுக்கித் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மருந்து. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் போய் எஃகில் உரசும், பொறி பறக்கும், கிண்ணத்து மருந்து குபுக்கென்று பற்றும், அந்த நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போகும், அதற்குப் பிறகுதான் குண்டு புறப்படும். இதையெல்லாம் அவர் வேலியைப் பிடித்தபடி விவரித்து முடிக்கையில் என் தோட்டத்தில் வெள்ளம்.

இந்த ஆசை எங்கே பிடித்தது என்றால், பல்லரட் பக்கம் பழைய தங்கச் சுரங்க ஊர் ஒன்றுக்குக் கோயில்காரர்களோடு சுற்றுலா போன இடத்தில். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் அப்படி ஒரு துப்பாக்கியால் வெடித்துக் காட்டினானாம். பேருந்தில் வந்த கூட்டம் முழுவதும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்க, இவர் மட்டும் வாயைத் திறந்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

இதைச் சொன்னவர் அவர் மனைவி சாந்தி அக்கா. துப்பாக்கி வாங்குவதில் சாந்தி அக்காவுக்கு ஆட்சேபணையே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. கோயிலில் செய்தி பரவி, சுடுகிற ஊரிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த மனுசனுக்கு இங்கே என்ன துவக்கு வேண்டிக்கிடக்கு என்று அன்னதானப் பந்தியில் ஓர் ஆன்ட்டி கேட்டபோது, சாந்தி அக்கா சாதத்துக்கு மேல் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, அவர் வாங்கி முடிக்கும்போது நாங்கள் ஒருத்தரும் இருக்க மாட்டோம், நீங்கள் பயப்படாமல் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மெத்தைக்காரர் துவக்கராகப் பதவி உயர்ந்தார்.

அடுத்த கேள்வி, வாங்குவதா, செய்வதா. இதற்கு ஒரு வருடம் போனது. ஆயத்தமாகச் செய்து வருவதை வாங்கலாம். இல்லையென்றால் மரக்கட்டை, குழல், கல்லை எஃகில் உரசிப் பொறி பறக்கவிடும் பூட்டு என்ற பாகம் எல்லாம் தனித்தனியாக வரவழைத்து, இரும்பு வேலையை லைசன்ஸ் உள்ள பட்டறைக்காரரிடம் விட்டு, மரத்தை நாமே இழைத்துச் செய்துகொள்ளலாம். திங்கட்கிழமை வாங்குவது என்று தீர்மானிப்பார். வியாழக்கிழமை செய்வது என்று மாறுவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் இல்லை, முதலில் ஒன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பார். அப்படித்தான் ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் பொறுமைசாலி. இவர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். இவர் ஒவ்வொன்றையும் மெத்தை மாதிரியே பரிசோதித்தார். தோளில் வைத்து, கண்ணை மூடி, அப்படியே நின்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இதற்கிடையே ஒருவர் வந்து தூண்டில் வாங்கிக்கொண்டு போனார். துவக்கர் கண்ணைத் திறந்து, எல்லாத் துப்பாக்கியிலும் பூட்டு வலப்பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார். துவக்கர் இடக்கைக்காரர். அவர் தோளில் வைத்தால் அந்தக் கிண்ணம் சரியாக மூக்குக்கு முன்னால் வந்து நின்று, மீசையை நோக்கி எரியும்.

இடக்கைக்காரர்கள் பலபேர் இதையே பழகிக்கொள்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். துவக்கர் துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

"சாப்பிடுறது, எழுதுறது, விபூதி பூசுறது எல்லாத்தையும் வலக்கையாலை செய் எண்டு வீட்டிலை அடிச்சு வளர்த்தவை. இதையாவது என்ரை கையாலை செய்யவிடுங்கோ எண்டு அவருக்குச் சொல்லும் தம்பி."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கடைக்காரர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவரும் அதே ஜாதி. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், வலது கையால். ஆனால் கடையில் இடக்கைத் துப்பாக்கி ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த துவக்கர், தனக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் தாங்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்று, படுக்கையறை ஜன்னலின் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றினார். அதன் முனையில் மணல் நிரப்பிய தண்ணீர் போத்தல்களைக் கட்டினார். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, வயிறு முன்னால் வர, தோட்டத்தில் இங்கும் அங்கும் நடந்தார். அவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி ஜன்னல் வழியாக இதைப் பார்த்து போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன், இங்கேயே இருப்பது உசிதம் என்று முடிவு செய்தேன். துவக்கர் கம்பியைப் புல்லில் கிடத்திவிட்டுக் கையைத் தூக்கியபடி நின்றார். ஒரு போலீஸ்காரர் குனிந்து போத்தல்களைப் பார்த்து, இது என்ன என்றார். எனக்கு நீளக் குழல் சரிவருமா, கட்டைக் குழல் சரிவருமா என்று பார்க்கிறேன் என்றார் துவக்கர். திரைச்சீலைக் கம்பி விஷயமாக வீட்டுக்குள்ளே இருந்து சாந்தி அக்கா பேசிய பேச்சில் தமிழ் தெரியாத போலீஸ்காரர்களுக்கும் நிலைமை முழுவதும் புரிந்துவிட்டது. தேநீரும் மட்டன் ரோல்ஸும் வந்தன. போகும்போது இதைத் தெரு பார்க்கத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்ன மூத்த போலீஸ்காரர், வாசலில் நின்று, நானாக இருந்தால் கட்டைக் குழல்தான் வாங்குவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

துப்பாக்கி வருவதற்கு முன்பே அதைப் பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டி வந்துவிட்டது. சட்டப்படி அதைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்க வேண்டும். மாதக்கணக்கில் அது காலியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சாந்தி அக்கா அதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிளகாய்த்தூளை வைத்தார். பெட்டியைச் சோதிக்க வந்த அதிகாரி கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். அதற்குப் பிறகு தும்மி முடித்து, கண்ணைத் துடைத்து, காருக்குப் போய்ச் சேர்கிறவரை அவரால் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. மிளகாய்த்தூள் சமையலறைக்குப் போன பிறகு அவர் மறுபடி வர வேண்டியதாயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் கிரெக் என்ற கிழவர் வந்து சேர்ந்தார். மலைப்பக்கத்தில் பழைய துப்பாக்கிகளைச் சுடுகிறவர்களின் கிளப் ஒன்றை நடத்துகிறவர். வெள்ளைத் தாடி, புகை படிந்த தொப்பி. முதல் தடவை போனபோதே துவக்கர் தன் கேள்விகளையெல்லாம் அவிழ்த்தார். எந்த மரம், எந்தக் குழல், எந்தப் பூட்டு நல்லது? பொறி பறக்கிற பூட்டுத்தான் நல்ல பூட்டு, கன்னம் படுகிற இடத்தில் வலிக்காததுதான் நல்ல கட்டை, மற்றதெல்லாம் அலங்காரம் என்றார் கிரெக். முதல் துப்பாக்கியை நீயே செய்ய ஆசைப்படாதே, பத்து பேருடையதைச் சுட்டுப் பார், உனக்கு என்ன வேண்டும் என்று உன் தோள் சொல்லும் என்றும் சொன்னார். துவக்கருக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. மெத்தைக் கடையில் இருக்க வேண்டியவர் என்று என் காதில் சொன்னார்.

அன்றுதான் அது நடந்தது. கிரெக் சொல்வது சரியாகக் கேட்கவில்லை என்று துவக்கர் வெடிச் சத்தத்துக்காகப் போட்டிருந்த காதுமூடியைக் கழற்றினார். அதே நொடியில் சுடுகிறவர்களின் வரிசையில் கடைசியாக நின்ற யாரோ சுட்டார்கள். எனக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் என் முகம் புல்லில் இருந்தது. என் மேல் துவக்கர் கிடந்தார். ஒரு கையால் என் தலையை அமுக்கிப் பிடித்திருந்தார். மெத்தையில் திரும்பிப் படுக்கவே யோசிக்கச் சொல்கிற மனிதர், கண்ணிமைக்கும் நேரத்தில் என்னை இழுத்துத் தள்ளி, என் மேல் விழுந்து மூடியிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. கிரெக் கையைத் தூக்க, வரிசை முழுவதும் சுடுவதை நிறுத்தியது. துவக்கர் எழுந்து, முதலில் என் சட்டையிலிருந்த புல்லைத் தட்டினார், பிறகுதான் தன்னுடையதை. எல்லோரிடமும் சாரி சொன்னார். வாருங்கள் தம்பி போவோம் என்றார்.

திரும்பும் வழியில் ஃபெர்ன்ட்ரீ கல்லி சிக்னலில் கார் நின்றபோது தானாகவே தொடங்கினார். ஊரில் ஷெல் அடிக்கிற காலத்தில், அது எப்போது வரும், எங்கே விழும் என்று ஒன்றும் தெரியாது. இங்கே ஷெல் விழாது என்பது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. யாராவது கதவை அறைந்து சாத்தினால், கார் டயர் வெடித்தால், அவர் தரையில் கிடப்பார். எழுந்து பார்த்தால் பேரங்காடியில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மெத்தைக் கடை வேலைக்குப் போனதே அதனால்தானாம். மெல்பர்னிலேயே சத்தம் எழும்பாத கடை அது ஒன்றுதான் என்றார்.

"அப்போ துப்பாக்கி எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"சத்தமே வேண்டாம் எண்டில்லைத் தம்பி. சொல்லிப்போட்டு வரவேணும். உந்தத் துவக்கு முதல்லை பொறியைக் காட்டுது, பேந்து புகையைக் காட்டுது, அதுக்குப் பிறகுதான் வெடிக்குது. நான் மருந்து போட்டு, நான் இடிச்சு, நானே இழுத்தால் ஒழிய அது வாயே திறவாது. அப்பிடி மரியாதை தெரிஞ்ச துவக்கு ஒண்டை நான் என்ரை சீவியத்திலை கண்டதில்லை."

பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். சிக்னல் பச்சையாகி நேரமாகியிருந்தது. ஹாரன் சத்தத்துக்குத் துவக்கர் துள்ளினார். நான் வண்டியை எடுத்தேன். வீடு வரும்வரை ரோவிலில் வீட்டு விலை ஏறுவதைப் பற்றிப் பேசினேன்.

அதற்குப் பிறகு அவர் கிளப்புக்குப் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே போனார். காதுமூடியைக் கழற்றாமல் போனார். வரிசையில் யார் சுடுவதானாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும் என்று கிரெக் புது ஏற்பாடு செய்திருந்தார். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. துவக்கர் பலருடைய துப்பாக்கிகளை இரவல் வாங்கி, மீசை கருகக் கருகச் சுட்டுப் பழகினார். ஒவ்வொரு தடவையும் விசையை இழுக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பொறியையும் பார்க்கவில்லை, புகையையும் பார்க்கவில்லை. குண்டுகள் எங்கே போயின என்று அந்த மலையைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் கிரெக்குக்குத் தெரிந்த ஒரு செம்மறி ஆட்டுப் பண்ணைக்காரரிடம் பாதி செய்து கைவிட்ட இடக்கைத் துப்பாக்கி ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. பல்லரட்டைத் தாண்டிப் போனோம். நான் காரிலேயே தலையணை வைத்திருந்தேன். துவக்கர் யோசித்து முடிக்கிறவரை தூங்கலாம் என்பது திட்டம். அந்தத் துப்பாக்கி பண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தைப் பல வருடமாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது. குழலும் பூட்டும் முறையாகப் பொருத்தி முடிந்திருந்தன. மரம்தான் கரடுமுரடாக, எண்ணெய் காணாமல் இருந்தது. பண்ணைக்காரர் கன்னம் படுகிற இடத்தைக் கொஞ்சம் அதிகமாகச் செதுக்கிவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று மனம் விட்டவர். எடுத்துக்கொண்டு போனால் போதும், விருந்தாளிக்குத் தட்டு வைக்க இடமில்லை என்றார் அவர் மனைவி.

துவக்கர் அதைத் தூக்கி இடது தோளில் வைத்தார். கன்னத்தைச் சாய்த்தார். அந்த அதிகப்படியான குழிவில் அவர் கன்னம் போய்ப் பொருந்தியது.

"இதுதான்," என்றார்.

தேநீர்கூட இன்னும் வரவில்லை. காருக்குத் திரும்பும்போது, எப்படியண்ணே இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். படுத்தவுடனே தெரிகிற மெத்தைக்கு யோசனை தேவையில்லை, தெரியாதவர்களைத்தான் யோசிக்கச் சொல்வது என்றார். ஆக, வாங்குவதா, செய்வதா என்ற கேள்விக்கு இரண்டும்தான் என்று விடை வந்தது.

ஆனால் எண்ணெய் விஷயத்தில் பழைய துவக்கர் திரும்பி வந்துவிட்டார். துப்பாக்கி கைமாறுவதற்கான அனுமதியெல்லாம் வந்து, மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகு, எந்த எண்ணெய் என்ன நிறம் தரும் என்று பார்க்க சாந்தி அக்காவின் ரொட்டிக் கட்டை, அகப்பைக் காம்பு, ஒரு நாற்காலியின் நான்கு கால்கள் எல்லாவற்றிலும் பூசிப் பார்த்தார். அந்த நாற்காலியில் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு நிறம். கடைசியில் முதலில் பூசிய எண்ணெயையே தேர்ந்தெடுத்தார்.

தன் துப்பாக்கியால் அவர் முதன்முதலில் சுட்ட நாளில் சாந்தி அக்காவும் வந்திருந்தார். முன்பெல்லாம் கிளப்புக்கு வந்தாலும் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பவர், அன்று இறங்கி வந்து, காதுமூடி கொண்டையில் இடிக்க, என் பக்கத்தில் நின்றார்.

துவக்கர் மருந்தைக் கொட்டினார். குண்டை இடித்து இறக்கினார். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை வைத்தார். பிறகு வரிசையின் இரண்டு பக்கமும் பார்த்து, பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வருவதை அறிவிக்கிறவரைப் போல, "நான் சுடப் போறன்" என்று உரக்கச் சொன்னார். மலை மாதிரி அகலமான வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் அறிவிப்பு. எல்லோரும் தலையாட்டினார்கள்.

விசையை இழுத்தார். டிக் என்றது. பொறி வரவில்லை. கல்லைச் சரிசெய்து மறுபடி இழுத்தார். கிண்ணம் மட்டும் குபுக்கென்று எரிந்து அணைந்தது. கிரெக் பக்கத்தில் வந்து, பொறுத்திருக்கச் சொல்லி, துளையை ஓர் ஊசியால் சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுத்தார். சாந்தி அக்கா என் சட்டைக் கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்றாவது தடவை பொறி பறந்தது, கிண்ணம் பற்றியது, துப்பாக்கி வெடித்தது. சத்தம் மலையில் போய் இடித்து, திரும்பி வந்து, இன்னொரு மலையைத் தேடிப் போனது. குண்டு பக்கத்தில் நின்று சுட்டவரின் குறி அட்டையில் போய்ப் பட்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. அவர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். துவக்கரைக் காணவில்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைப் புகைமூட்டம் மட்டும் நின்றது.

அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "சாந்தி, நான் கண் மூடேல்லை."

சாந்தி அக்கா என் சட்டையை விட்டுவிட்டு, சேலைத் தலைப்பை எடுத்துக்கொண்டார். காற்று திரும்பி அந்தப் புகை மொத்தமும் எங்கள் பக்கம் வந்தது. கிளப்பில் இருந்த எல்லோருக்கும் அதில் கண் கலங்கியது. எனக்கு மட்டும் புகை வந்து சேர்வதற்கு முன்பே கலங்கிவிட்டிருந்தது.